அறுபது தூர் மலைக்கோரை

நவ. 13, வியாழன்

விடியற்காலை மழை. எட்டு மணிக்கு விட்டது. மணிமுத்தாறுப் பக்கம் மலை இருக்கிற இடமே தெரியவில்லை, முழுக்க மேகம்.

இன்று செய்ய வேண்டியது:
நிழல்வலையில் கிழிசல், தைக்க.
ரோஜா 40 தொட்டி, ஆலங்குளத்துக்கு.
வாய்க்கால் மடைக்குச் சாக்கு.
கோரைப் பாத்தி மூன்றிலும் களை மண்டிவிட்டது. நாளைக்கு ஆள் சொல்ல.

மடை தவிர மற்றது முடிந்தது.

ஸ்டெல்லா மேடம் போன். கொடைக்கானலில் அந்தப் பெரிய ஓட்டலின் தோட்டம் முழுக்க அவர் பொறுப்பு. நாலு வருடமாக ஹாலுக்குள் வைக்கிற பனைத்தொட்டி என்னிடம்தான் வாங்குகிறார். போன ஜனவரிக்கு முந்தின ஜனவரியில் தொட்டி இறக்கப் போனபோது உறைபனி விழுந்து, பாதையோரத்துச் செடியெல்லாம் வறுத்துப் போட்டது மாதிரிக் கிடந்தது. மேடம் அழாத குறை. நான் பார்த்தது வேறு. சமையல்கட்டுச் சாக்கடை ஓரத்தில் அஞ்சு தூர் புல், பச்சைப் பசேலென்று. தண்டை விரலில் உருட்டிப் பார்த்தேன், மூன்று பட்டை. கோரை. அந்த மலையிலேயே தானாக முளைக்கிற ஜாதி. எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். களையைக் கொண்டுபோக அனுமதி வேறயா என்று சிரித்தார்.

அங்கே அது வருடத்துக்கு ஒரு விரல்கடை பெருக்கும். இங்கே ஆற்றுத் தண்ணீரும் மலைக்காற்றும் சேர, நாலு மாதத்தில் இரட்டிப்பு. அதுதான் என் யோசனை. கீழே பெருக்கி மேலே விற்பது.

மேடம் இன்றைக்குச் சொன்னது: டிசம்பர் இரண்டாவது வாரத்துக்குள் பாதையோரத்துக்கு அறுபது தூர் கோரை. ஒரு பாத்தியில் நட்டுப் பார்ப்பார். பனி முடிந்தும் பச்சையாக நின்றால் தோட்டம் முழுக்க என்னுடையது, இரண்டாயிரம் தூர். இல்லையென்றால் பெங்களூர் நர்சரிக்காரர்களின் வெளிநாட்டுப் புல்.

இதில் என் நிலமும் மாட்டியிருக்கிறது. நர்சரி இருக்கிற இடம் என் வீட்டுக்காரி நூர்ஜஹானின் அண்ணன், செய்யது மச்சானுடையது. பதினோரு வருடம் வாய்ச்சொல்லில் ஓடுகிறது. துபாயிலிருந்து நிரந்தரமாகக் காயல்பட்டினத்துக்கு வந்துவிட்டார், கையும் காலும் சும்மா இருக்கவில்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட வேண்டுமாம். நூர் பேசியதில் ஒரு தவணை கிடைத்தது. ஓட்டல் வேலை கிடைத்தால் நான் இருக்கலாம். கிடைக்கவில்லையென்றால் பிப்ரவரி ஒன்று, இடம் காலி.

சைக்கிளில் ரோஜாச்செடி விற்றவன் நான். மறுபடி சைக்கிளில் ஏற வயதில்லை.


நவ. 14, வெள்ளி

தூறல். வெயில் எட்டிப் பார்க்கவில்லை. அதுதான் காப்பாற்றியது.

களைக்கு இசக்கியம்மாளும் அவளோடு மூன்று பேரும் வந்தார்கள். வயல் வேலை செய்கிற ஆட்கள், இந்த மழைக்கு நடவு தள்ளிப்போனதால் கிடைத்தார்கள். பாத்தியைக் காட்டி, "களை எடுங்க" என்று சொல்லிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் மூன்று பாத்தியும் துடைத்து வைத்த மாதிரி. ஒரு கோரை கிடையாது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில செடி மட்டும், சுற்றிலும் மண் அணைத்து, ராஜமரியாதையோடு. அருகே போய்ப் பார்த்தேன். குப்பைமேனி.

இசக்கியம்மாள் முகத்தில் அவ்வளவு திருப்தி.

"ஒத்தக் கோரை விடல மொதலாளி. அம்புட்டயும் வேரோட எடுத்து வரப்புல போட்டாச்சு, பாருங்க."

"அப்பம் எதக்கா பயிருன்னு விட்டிய?"

"இந்தா, குப்பமேனியத்தான். மருந்துக்கு வளக்குதியன்னு நெனச்சோம்."

வாய் வரை ஏச்சு வந்தது. விழுங்கிவிட்டேன். தப்பு என்னுடையது. நெல்வயலில் வேலை செய்கிறவர்களைக் கூட்டி வந்து கோரைப் பாத்தியில் இறக்கிவிட்டு, களை எடு என்று சொன்னால் எதை எடுப்பார்கள்? எது சரக்கு என்று சொல்லாத வியாபாரி, கடைக்கு வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

கோரைதான் பயிர் என்று சொன்னேன். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இசக்கியம்மாள்தான் சொன்னாள். "கோரையப் போயி வளப்பாகளா மொதலாளி? எங்க மாமியா கேட்டா வெளக்கமாத்தத் தூக்கிருவா."

வரப்பில் எல்லாம் வேர் மேலே பார்க்க, வரிசையாகப் பரத்தியிருந்தது. கோரையை வெயிலில் சாகடிக்கிற முறை அதுதானாம். நல்ல வேளை, வெயில் இல்லை. அள்ளி வாய்க்கால் ஓரத்தில் தண்ணீரில் அமிழ்த்தி, மேலே சாக்கு போட்டிருக்கிறது. அவர்களே அள்ளினார்கள்.

நூரிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: அண்ணனுக்குத் தெரியுமா? தெரியாது என்றேன். தெரிய வேண்டாம் என்றாள்.

அஸர் தொழுகையில் மனம் நிற்கவில்லை.


நவ. 15, சனி

மழை இல்லை. மேகம்.

சொல்லி அனுப்பாமலே இசக்கியம்மாள் ஏழு மணிக்கு வந்து நின்றாள், அதே மூன்று பேரோடு. நேற்றைய கூலி வேண்டாம், நட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்றாள். கூலி கூலிதான், வாங்கிக்கொள் என்றேன்.

இனிதான் விஷயம். சாக்கை நீக்கிப் பார்த்தால் ஒரு தூரும் வாடவில்லை. அதைவிட, வேர். இத்தனை முழு வேரை நான் பார்த்ததே இல்லை. நான் தூர் பிரிக்கும்போதெல்லாம் அரிவாளால் நறுக்குவேன். மூன்றில் ஒன்று அழுகும். அது இந்தச் செடியின் குணம் என்று இருந்துவிட்டேன். இவர்கள் எடுத்ததில் ஒரு வேர்கூட அறுபடவில்லை.

எப்படி என்று கேட்டேன். கோரையில் ஒரு துண்டு வேர் மண்ணுக்குள் நின்றாலும் பத்தாகக் கிளம்பும், அதனால் அறுபடாமல் உருவித்தான் எடுப்போம் என்றாள். இரண்டு விரலைத் தூருக்கு அடியில் விட்டு, ஒரு ஆட்டு, ஒரு சுழற்று, பைய மேலே. சாகடிப்பதற்காகக் கற்ற கை.

அடுத்து ஒரு தூரை எடுத்துத் தண்ணீரில் அலசி, வகிடு எடுக்கிற மாதிரி இரண்டு கட்டைவிரலால் பிளந்தாள். தானாகப் பிரிகிற இடத்தில் பிரிந்தது. ஒன்று ஐந்தானது. ஐந்துக்கும் வேர்.

நேற்றுக் காலை பாத்தியில் இருந்தது 130 தூர். இன்று மாலை நட்டு முடித்தது 510.

அரிவாளைக் கொட்டகைக்குள் போட்டுவிட்டேன்.


நவ. 27, வியாழன்

இளவெயில். மலை தெளிவு.

செத்தது 14. மற்றதெல்லாம் குருத்து விட்டுவிட்டது. ஐந்நூறில் பதினாலு! ரோஜாவில்கூட இப்படி வராது.

யூரியா நிறுத்தியாயிற்று. நிழல்வலை உருவியாயிற்று. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். கொழுத்த செடி குளிர் தாங்காது, மனிதனும் அப்படித்தான்.

ஒரு பயம் மட்டும் போகவில்லை. இது மலையில் பிறந்தது, சரி. ஆனால் இரண்டு வருடமாக நம் ஊர்ச் சூட்டில் வளர்ந்தது. பனியை மறந்திருந்தால்? மேடமும் அதைத்தான் சொல்கிறார், கீழேயிருந்து வருகிற செடியெல்லாம் முதல் பனியிலேயே போய்விடும் என்று. நட்டுத் தோற்பதற்கு முன்னால் இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும். நெல்லையில் பனிக்கு எங்கே போவது?

குறிப்பு: ஞாயிறு மச்சான் வீட்டு விருந்து. அவர் வீட்டில் பெரிய ஃப்ரீசர் இருக்கிறது.


நவ. 30, ஞாயிறு

காயல்பட்டினம். கடல்காற்று, புழுக்கம்.

ஆறு தொட்டி கொண்டுபோனேன். மூன்றுக்குத் தாளை ஒட்ட அறுத்து முடி வெட்டியது, நட அனுப்புகிற சரக்கு மாதிரி. நம் பாய்க்கோரையை அடியோடு அறுத்தால் இரட்டிப்பாக வரும், அதே வழக்கத்தில். மூன்று வெட்டாதது. மச்சானின் மனைவி, மைனியிடம் அனுமதி கேட்டேன். தலையை ஆட்டினார், நான் என்ன கேட்டேன் என்று காதில் வாங்கவில்லை போல. ஃப்ரீசரின் குளிரைக் குறைத்து வைத்து, கறிப் பொட்டலத்தை ஒதுக்கி, ஆறையும் உள்ளே இறக்கினேன். இரண்டு மணி நேரம்.

ஒரு மணி நேரத்தில் மைனி ஐஸ் எடுக்கத் திறந்துவிட்டார். அடுப்படியிலிருந்து சத்தம். எல்லோரும் ஓடினோம்.

மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் கைபோட்டார். "ஆட்டுக்கறி, பக்கத்துலயே ஆட்டுத் தீனி. ரெண்டையும் ஒரே பொட்டியில வச்சிட்டியே மாப்ள."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பெட்டியை மூடச் சொல்லி இன்னும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். கொடுத்தார்கள், புத்தி பிசகியவனுக்குக் கொடுப்பது மாதிரி.

சாப்பாட்டில் மச்சான் மண்டபத்துக்கு வரைபடம் காட்டினார். மேடை எங்கே வரும் என்று விரல் வைத்தார். சரியாகக் கோரைப் பாத்தியின் மேல். பிரியாணி நன்றாக இருந்தது.

திரும்புகிற வழி முழுக்க நூர் தொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கேட்காமலே.


டிச. 3, புதன்

மேகம். காற்று.

வெட்டிய மூன்றும் போய்விட்டது. நடுக்குருத்தை இழுத்தால் கையோடு வருகிறது, அடியில் கூழ்.

வெட்டாத மூன்றும் உயிர். ஒன்றில் மட்டும் நுனி மஞ்சள்.

அப்படியானால் பழைய தாள்தான் குருத்துக்குப் போர்வை. பாய்க்கோரை வேறு, இது வேறு. அதை அறுப்பதற்கு வளர்க்கிறோம், இதை நிற்பதற்கு. நம் வழக்கத்தில் முடி வெட்டி அனுப்பியிருந்தால் அறுபதும் மேலே கூழாகியிருக்கும். பெங்களூர்க்காரன் சிரித்திருப்பான், மச்சான் மேடை கட்டியிருப்பார்.

ஒரு பெட்டி கேலி வாங்கிக்கொண்டு வந்ததற்கு இது போதும்.


டிச. 8, திங்கள்

கொடைக்கானல். மதியமே மூடுபனி. விரல் மரத்து எழுத்துக் கோணல்.

சுபுஹு தொழுதுவிட்டுக் குட்டியானை வண்டியில் கிளம்பியது. இசக்கியம்மாளையும் கூட்டி வந்தேன், நடவு அவள் கையால் இருக்கட்டும் என்று. நூரின் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்சீட்டில். வத்தலக்குண்டு தாண்டி வளைவு ஏற ஏற வாயைத் திறக்கவில்லை. மேலே வந்து இறங்கி முதல் பேச்சு: "இங்கன மனுசங்க என்னத்துக்கு வாராக?"

மேடம் கொடுத்த இடம் டென்னிஸ் திடலுக்குக் கீழே உள்ள பள்ளம். குளிர்காற்று வழிந்து வந்து தேங்குகிற இடம், ஓட்டலிலேயே மோசமான மூலை. பாதைக்கு அந்தப் பக்கம் பெங்களூர்க்காரர்களின் அறுபது, ஏற்கெனவே நட்டு நிற்கிறது. செம்பு நிறம், சீவி விட்ட மாதிரி. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகு.

எங்கள் செடியைப் பார்த்து மேடத்துக்கு முகம் சுருங்கியது. பரட்டைத் தலை மாதிரி இருக்கிறதே, வெட்டிவிட்டு நடுங்கள் என்றார். முடியாது என்றேன். விருந்தினர்கள் நடக்கிற பாதை, பாய், என்றார். ஓட்டல்காரர்களோடு இருபது வருடம் பழகியதில் நான் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"மேடம், இந்தக் குளிர்ல யாராவது மொட்டை போட்டுக்கிட்டு நிப்பாங்களா?"

ஒரு செடியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, செத்தால் நீங்கள்தான் பொறுப்பு என்றார். ஆமாம் என்றேன்.

அறுபதும் மூன்று மணிக்குள் நட்டாயிற்று. பாத்தியை விட்டு வரும்போது இசக்கியம்மாள் வழியோரம் ஒரு கோரையைப் பார்த்துக் குனிந்து, கையை இழுத்துக்கொண்டாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.


டிச. 26, வெள்ளி

நெல்லையில் வெயில். மேலே, மேடம் சொன்னபடி, குளிர் மட்டும். பனி விழவில்லை.

பனி விழ வேண்டும் என்று துஆ கேட்கிற ஒரே நெல்லைக்காரன் நான்தான்.

காலையில் நர்சரிக்குப் போனால் மூலைக்கு மூலை முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருக்கிறது. மச்சான் அனுப்பிய கொத்தனார். போன் போட்டேன். சும்மா அளவுக்குத்தான் மாப்ள என்றார், ஜனவரி வரை யார் தொடப் போகிறார்கள். ஒரு குச்சி நாற்று மேட்டின் நடுவில். அதை மட்டும் பிடுங்கி வெளியே போட்டேன். மற்றதை விட்டுவிட்டேன்.

நர்சரிக்கு வேறு இடம் பார்க்க நூர் தன் பங்குக்கு மூன்று பேரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. மூன்று பேரில் ஒருவன் என்னிடம் சொன்னான்.

வாங்க: பூவாளி 2. சணல். நூருக்குத் தலைவலித் தைலம்.


ஜன. 7, புதன்

காலை 7.10. மேடம் போன். நேற்றும் இன்றும் உறைபனி. காரின் கண்ணாடியில் கரண்டியால் சுரண்ட வேண்டியிருக்கிறதாம். கோரை எப்படி என்று கேட்டேன். வெள்ளையாகக் கிடக்கிறது, எதுவும் தெரியவில்லை, அடுத்த இரண்டு நாளும் விழும் என்கிறார்கள், நேரில் வந்து பாருங்கள் என்றார். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. என்னைப் போலவே வியாபாரக் குரல்.

நாளை கிளம்ப வேண்டும்.

சாப்பாடு: கஞ்சி. அதுவும் பாதி.


ஜன. 9, வெள்ளி

கொடைக்கானல். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. காது எரிகிறது.

ஆறேமுக்காலுக்குப் பள்ளத்தில் போய் நின்றேன். மேடம் எனக்கு முன்னால் வந்திருந்தார், கையில் டீ, எனக்கும் ஒன்று. புல்தரை முழுக்க உப்பளம் மாதிரி வெள்ளை. கோரை ஒவ்வொரு தாளும் கண்ணாடிக் குச்சி. தொட்டால் ஒடியும். தொடவில்லை. வெயில் வரட்டும் என்றார். நின்றோம்.

எட்டு மணிக்கு மரத்துக்கு மேலே வெயில் ஏறியது. முதலில் பெங்களூர்ப் பாத்தியில் விழுந்தது. வெள்ளை இறங்க இறங்க அடியில் கறுப்பு. செம்பு நிறம் எங்கே போனதோ. தாளெல்லாம் ஈரத்துணி மாதிரி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

பிறகு எங்கள் பாத்தி. சொட்டுச் சொட்டாக உருகியது. ஒரு தாள் நிமிர்ந்தது. அடுத்தது. பச்சை. பழைய தாளின் நுனி மட்டும் பழுப்பு, உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் புதுக் குருத்து, கிண்ணென்று. மேடம் முட்டி போட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். நான் எண்ணவில்லை, நான் எண்ணினால் நம்பமாட்டார். 57. இரண்டைக் காட்டுமாடு மிதித்துவிட்டது. ஒன்று உண்மையிலேயே செத்தது.

எழுந்து கையில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"எங்க சாக்கடையில இருந்த புல்லை எங்களுக்கே விக்கிறீங்க பாய்."

"உங்ககிட்ட அஞ்சு தூர் இருந்துச்சு மேடம். இப்ப ரெண்டாயிரம் கேக்குறீங்க. நடுவுல உள்ளதுதான் நான்."

சிரித்தார். ஆபீசுக்குள் போய்க் கொள்முதல் உத்தரவில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கையில் கொடுத்தார். இரண்டாயிரம் தூர். ஏப்ரலில் பாதி, அக்டோபரில் பாதி. கீழே ஒரு வரி, அவரே பேனாவால் எழுதியது: முடி வெட்டாமல் அனுப்பவும்.

அல்ஹம்துலில்லாஹ். கொடைக்கானல் பள்ளிவாசலில் ஜும்ஆ. அங்கிருந்தே நூருக்குப் போன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். அடுத்து இசக்கியம்மாளின் மகள் போனுக்கு. நிற்குது என்று சொன்னேன். அந்தப் பக்கத்தில் இசக்கியம்மாள் குரல்: "பின்ன? கோரய யாரால கொல்ல முடியும்?"

இந்த வருடம் முழுக்க அந்த நாலு பேருக்கும் நர்சரியில் வேலை. சொல்லிவிட்டேன்.

இறங்குகிற வழியில் இரண்டு தடவை வண்டியை நிறுத்திக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். எழுதுகிறேன், வெட்கம் என்ன.


ஜன. 11, ஞாயிறு

மேலப்பாளையம். வீட்டில். நல்ல வெயில், காயப்போட்ட மிளகாய்க்கு நல்லது.

மச்சான் தானாகவே வந்தார், இரண்டு பெட்டி மஸ்கோத் அல்வாவோடு. நூர் நேற்றே அவருக்குச் சொல்லிவிட்டாள். உத்தரவைக் காட்டினேன். கண்ணாடி போட்டு, இரண்டு பக்கமும் படித்து, முத்திரையைத் தடவிப் பார்த்தார். துபாயில் இருந்த ஆள், காகிதம் தெரியும். என் ஃப்ரீசருக்கும் இதில் பங்கு உண்டு என்றார். உண்டு என்றேன். சொன்ன சொல்லிலிருந்து மாறவில்லை, அதையும் எழுத வேண்டும். மண்டபத்துக்கு வேறு இடம் பார்க்கிறாராம், ஆறுமுகநேரிப் பக்கம்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை. அப்போது கேட்டார்.

"எத்தன வருசம் வேணும் மாப்ள?"

"பதினஞ்சு."

"அஞ்சு."

"அஞ்சு வருசத்துக்கு நெழல்வலை கட்டுனா வலைதான் மிஞ்சும். பதினஞ்சு."

"எட்டு. என் புள்ளைகளும் இருக்குல்லா."

பத்தில் நின்றோம். அவருக்கும் திருப்தி, எனக்கும். கையை நீட்டினார். நான் கையைப் பிடிக்கவில்லை. குத்தகைப் பத்திரமாக எழுதிக் கொடுங்கள் என்றேன்.

மச்சான் முகம் மாறிவிட்டது. "தங்கச்சி புருசனுக்கு எழுதிக் குடுக்கணுமா? என் வாய்ச்சொல்லு பத்தாதா?"

பதினோரு வருடம் வாய்ச்சொல்லில் இருந்துதான் என் பாத்தியில் முளைக்குச்சி பார்த்தேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

"என் பேருக்கு வேண்டாம் மச்சான். தங்கச்சி பேருக்கே எழுதுங்க."

மச்சான் அடுப்படிப் பக்கம் பார்த்தார். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள், வேண்டாம் காக்கா என்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். நூர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை.

"நாளைக்குத் திங்கக்கெழம. பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் தொறந்துருவாக காக்கா."